பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷையர் கவுண்டியில் மிடில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான ரிச்சர்ட் கஃப் 1701-ல், தன் அறுபத்தாறாம் வயதில், ஊரின் கதையை எழுத உட்கார்ந்தார். ஊர்த் தேவாலயத்துக்குள் மர இருக்கைகள் போட்டிருந்த வரிசையை முதலில் படமாக வரைந்துகொண்டார். அந்த இருக்கைகள் ஆட்களுக்கு உரியவை அல்ல. வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் உரியவை. வீடு கைமாறினால் இருக்கையும் கைமாறும். முன்னால் நிலக்கிழார்கள், நடுவில் உழவர்கள், பின்னாலும் சுவரோரமும் குடிசைக்காரர்கள். கஃப் ஒவ்வோர் இருக்கையாக எடுத்துக்கொண்டு அதில் யார் உட்கார்ந்தார்கள், அவர்களுடைய அப்பா யார், எங்கே பெண் எடுத்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படிக் கெட்டார்கள் என்று எழுதிக்கொண்டே போனார். குடித்துக் குடித்தே நிலத்தைத் தொலைத்தவன் வருகிறான். லண்டனுக்குப் போய்த் திரும்பாதவன் வருகிறான். கஃப் சிறுவனாக இருந்தபோது உள்நாட்டுப் போர் மூண்டது. மிடில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று குடியிருப்புகளிலிருந்து அரசர் பக்கம் சண்டைக்குப் போனவர்கள் இருபது பேர்; அவர்களில் பதின்மூன்று பேர் செத்துப்போனார்கள். அதையும் பெயர் பெயராகச் சொல்கிறார்.

கிராமத்து மனிதர்களைப் பற்றி, அவர்களோடு ஒரே கோயிலில் உட்கார்ந்த ஒருவர், அவர்களை நன்றாகத் தெரிந்த ஒருவர், இவ்வளவு விரிவாக எழுதிய பிரதி அந்த நூற்றாண்டில் அபூர்வம். இங்கிலாந்தில் தன் முன்னோரைத் தேடிப் புறப்படும் ஒருவருக்கு மிடில் பக்கம் பூர்வீகம் அமைந்தால் அது பெரும் பேறு. மற்றவர்களுக்குக் கஃப் இல்லை. ஆயிரக்கணக்கான ஊர்களில் ஏர் பிடித்து, கதிர் அடித்து, ஆடு மேய்த்துச் செத்தவர்களுக்கு எஞ்சியிருப்பவை தேவாலயப் பதிவேட்டின் மூன்று வரிகள்தாம்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்.

அந்த மூன்று வரிகளை எழுதவைத்தவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். 1538-ல் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் பாதிரியார் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், யாருக்கு மணம் முடித்தார், யாரைப் புதைத்தார் என்று வாராவாரம் எழுத வேண்டும். பங்கு என்பது தேவாலயத்தையும் அதைச் சுற்றிய ஊர் எல்லையையும் சேர்த்துக் குறிப்பது. பின்னாளில் ஏழைகளுக்குப் பொறுப்பேற்றதும் வரி பிரித்ததும் இந்தப் பங்குதான். ஆணை வந்தவுடன் மேற்குக் கவுண்டி மக்கள் பயந்தார்கள். பிறப்புக்கும் சாவுக்கும் அரசர் வரி போடப்போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பயம் வீண் போகவில்லை. இருநூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1783-ல், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி முத்திரை வரி வந்தது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால் 1783-க்கும் 1794-க்கும் இடைப்பட்ட பதிவேடுகளில் பல பெயர்களுக்குப் பக்கத்தில், ஏழை என்பதற்கு அடையாளமாக, பி என்ற ஒற்றை எழுத்து நிற்கிறது. தன் ஏழாம் தலைமுறைப் பாட்டனை முதன்முதலாகப் பார்ப்பவர் அந்த எழுத்தோடு சேர்த்தேதான் அவரைப் பார்க்கிறார்.

தொடக்க காலப் பதிவுகள் சாதாரணத் தாளில் எழுதப்பட்டவை. 1598-ல் எல்லாவற்றையும் தோல் ஏட்டுக்கு மாற்றி எழுதச் சொன்னார்கள்; ஆண்டுக்கு ஒருமுறை பிஷப்புக்கு நகல் அனுப்பவும் சொன்னார்கள். எலிசபெத் அரசி பட்டமேறிய 1558-லிருந்தாவது எடுத்து எழுதினால் போதும் என்று ஒரு சலுகை இருந்தது. பல பாதிரியார்கள் அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டதால் முதல் இருபது ஆண்டுகள் பல ஊர்களில் அடியோடு போயின. பதிவேட்டை மூன்று பூட்டுள்ள பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று 1603-ல் திருச்சபை விதி செய்தது. பூட்டு திருடனைத் தடுத்தது. ஈரத்தையும் எலியையும் தடுக்கவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர் வந்து, பல ஊர்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு எழுதவே ஆளில்லாமல் போயிற்று. தேடுபவர்கள் அங்கே வந்து முட்டி நிற்பார்கள்.

எழுதியதைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். 1752 வரைக்கும் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1700 ஏப்ரலில் கல்யாணம், 1700 ஜனவரியில் முதல் குழந்தை என்று பதிவேடு சொன்னால் அந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாக நினைக்கக்கூடாது. அந்த ஜனவரி ஏப்ரலுக்குப் பிறகு வருவது. பெயர்களும் குழப்பும். ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களை வைத்துக்கொண்டே ஊர் முழுவதும் காலம் தள்ளியிருக்கிறது. மூத்த குழந்தை செத்துப்போனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்தார்கள். ஒரே தாய்தகப்பனுக்கு இரண்டு தாமஸ், அவர்களில் எவன் பிழைத்தவன் என்பதை அடக்கப் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1754-க்குப் பிறகு கல்யாணப் பதிவில் மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் ஆண்களில் பத்துக்கு நான்கு பேரும், பெண்களில் பத்துக்கு ஆறு பேரும் பெயரெழுதத் தெரியாமல் சிலுவைக் குறி போட்டார்கள். அந்தக் குறிகளை நுண்படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் இறகுப் பேனாவைப் பிடித்துப் பழகாத கை தெரிகிறது. மை சில இடங்களில் அழுந்திப் பரவியிருக்கிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் தாளின்மேல் விட்டுச்சென்ற ஒரே தடம் அதுவாக இருக்கலாம். எனக்கு அந்தக் குறி எந்தக் கையெழுத்தையும்விட மேலானது.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் நாடு முழுவதும் ஆட்களின் பெயர் வந்தது. விவசாயக் கூலி என்பதை முழுதாக எழுதச் சோம்பி, ஏஜி லேப் என்று சுருக்கி எழுத அனுமதித்தார்கள். அதனால் கிராமத்துப் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஏஜி லேப், ஏஜி லேப் என்றே ஓடுகிறது. இன்றைக்கும் குடும்ப வரலாறு தேடுபவர்கள் சந்தித்துக்கொண்டால் எங்கள் வீட்டிலும் எல்லாம் ஏஜி லேப்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரைக் கேட்கவில்லை; இந்தக் கவுண்டியில் பிறந்தவரா, ஆமா இல்லையா என்பதோடு சரி. பிறந்த ஊரின் பெயர் 1851-ல்தான் வந்தது. நல்ல வேளையாக, அதற்குள் சாகாமல் இருந்த கிழவர்களால் பல குடும்பங்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் ஒரு கதவைத் திறந்துகொண்டன.

இவ்வளவும் ஒழுங்காக வாழ்ந்து, யாரிடமும் கையேந்தாமல் செத்தவர்களைப் பற்றியது. அப்படிப்பட்டவர்களைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் இந்தத் தேடலின் துயரம். வறுமையில் விழுந்தவர்கள், விரட்டப்பட்டவர்கள், தாலி கட்டாமல் தாயானவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள் ஆகியோரைப் பற்றி மட்டும் காகிதம் கொட்டிக் கிடக்கிறது. அதிகாரம் சந்தேகப்பட்ட இடத்தில்தான் ஏழையின் வரலாறு எழுதப்பட்டது.

1662-ல் வந்த ஒரு சட்டத்திலிருந்து இதைப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும் என்பது 1601-லேயே நிலைத்துவிட்டது. அதற்கு நிலம் வைத்திருப்பவர்கள் வரி கட்டினார்கள். அப்படியானால் யார் எங்கள் ஏழை, யார் அடுத்த ஊர் ஏழை என்று தீர்மானித்தாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பங்கில் ஊருரிமை உண்டு என்று 1662 சட்டம் வகுத்தது. ஆண்டுக்குப் பத்து பவுண்டுக்குக் குறைவான வாடகையில் ஒருவன் புதிதாக வந்து குடியேறினால், நாளைக்கு இவன் நமக்குச் சுமையாவான் என்று ஊர்க்காரர்கள் முறையிடலாம். நாற்பது நாளுக்குள் இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகள் அவனை அவன் உரிமையுள்ள ஊருக்கே திருப்பி அனுப்பலாம். ஒரே எஜமானரிடம் முழுதாக ஓராண்டு வேலை பார்த்த மணமாகாத ஆளுக்கு அந்த ஊரில் உரிமை கிடைத்தது. தொழில் பழகியவனுக்கும் அப்படியே. கிடைத்துவிடக்கூடாது என்பதற்காகவே சில பண்ணைக்காரர்கள் ஐம்பத்தோரு வாரத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வாரம் குறைவு. அந்த ஒரு வாரத்தில் ஒரு மனிதனின் முதுமை தொலைந்துபோகும்.

ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் விசாரணை நடக்கும். எங்கே பிறந்தாய், அப்பாவுக்கு எந்த ஊர் உரிமை, முதலில் யாரிடம் வேலைக்குப் போனாய், எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், எப்போது மணந்தாய், எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது. குமாஸ்தா எழுதிக்கொள்வார், கீழே சிலுவைக் குறி விழும். இந்த விசாரணைத் தாள்கள் கவுண்டி ஆவணக்காப்பகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எழுத்தறியாத ஒரு கூலிக்காரர் தன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். விரட்டுவதற்காகக் கேட்ட கேள்விகள் இன்று அவருடைய பேரப்பிள்ளைகளுக்குச் சுயசரிதையாகக் கிடைத்திருக்கின்றன. இதற்கு மகிழ்வதா, வருந்துவதா என்று நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன். இரண்டும்தான்.

மணமான பெண்ணுக்குத் தன் உரிமை கிடையாது. புருஷனின் ஊரே அவளுடைய ஊர். அவன் செத்தால், அவள் ஒருநாளும் கண்டிராத அவனுடைய ஊருக்கு அவளையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பலாம். மணமாகாதவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கோ பிறந்த இடமே ஊர். ஆகவே நிறைமாதப் பெண்களைப் பங்கு எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளிவிடுவதில் பங்கின் ஏழை உதவியைக் கவனித்த கண்காணிப்பாளர்கள் அவசரம் காட்டினார்கள். பிரசவ வேதனையில் இருப்பவளிடம் மருத்துவச்சியைவிட்டுத் தகப்பன் பெயரைக் கேட்கச் செய்வதும் உண்டு. பெயர் வந்துவிட்டால் அவனைப் பிடித்து, குழந்தைக்குப் பணம் கட்டுகிறேன் என்று பத்திரம் எழுதி வாங்குவார்கள். அல்லது கல்யாணம் செய்துவைப்பார்கள். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் இடம் வெறுமையாக இருக்கும் குழந்தைக்கு, பங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் இந்தப் பத்திரத்தில் தகப்பன் கிடைப்பான். பதிவேடு மறைத்ததைக் கணக்குப்பிள்ளை காப்பாற்றியிருக்கிறார்.

கண்காணிப்பாளர்களின் கணக்குப் புத்தகங்களும் அப்படித்தான். ஒரு விதவைக்கு ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு பையனுக்குச் சட்டைத் துணி, விறகு, வாடகை, மருத்துவச்சிக்குக் கூலி, கடைசியில் சவப்பெட்டி, பிணம் தூக்கியவர்களுக்குப் பீர். ஒரு பெண்ணின் பத்தாண்டு முதுமையை அந்தச் செலவுப் பட்டியலிலிருந்தே கட்டி எழுப்பிவிடலாம். உதவி வாங்கியவர்கள் சட்டையின் வலது தோளில் பி என்ற எழுத்தையும், பங்கின் பெயரில் முதல் எழுத்தையும் சிவப்பு அல்லது நீலத் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று 1697-ல் சட்டம் போட்டார்கள். அது 1810 வரை ஏட்டில் இருந்தது.

ஊரைவிட்டு வெளியே வாழ்ந்த ஏழைகள் தங்கள் உரிமையுள்ள பங்குக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டிருக்கிறார்கள். எசெக்ஸ் கவுண்டியில் 1731-க்கும் 1837-க்கும் இடையே எழுதப்பட்ட இத்தகைய கடிதங்களைத் தாமஸ் சோகோல் 2001-ல் தொகுத்து வெளியிட்டார். காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டி எழுதிய வாக்கியங்கள். வேலை போனது, குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரர் பொருள்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார், உடனே ஏதாவது அனுப்புங்கள், இல்லாவிட்டால் குடும்பத்தோடு அங்கே வந்துவிடுவோம். கடைசியில் சொன்னது மிரட்டல்தான். வந்தால் அதிகச் செலவாகும் என்று ஊருக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும். கெஞ்சலுக்குள் தங்கள் உரிமையை அறிந்த மனிதர்களின் நிமிர்வும் இருக்கிறது.

தண்டிக்கப்பட்டவர்களுக்கு முகமே கிடைத்துவிடுகிறது. 1830-ல் தெற்கு இங்கிலாந்தின் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் எந்திரங்களை உடைத்தார்கள். ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். கைதிப் பதிவேடுகளில் உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், முகத்தில் அம்மைத் தழும்பு, கையில் பச்சை குத்தியது எல்லாம் எழுதப்பட்டன. ஊரிலேயே இருந்த அண்ணன் ஏஜி லேப் என்ற இரண்டு சொல்லோடு போனார்; கப்பலேறிய தம்பியின் கண் நிறம்கூட இன்று நமக்குத் தெரிகிறது. 1834-ல் டார்செட்டின் டால்பட்டில் ஊரில் சங்கம் சேர்ந்ததற்காகத் தண்டனை பெற்ற ஆறு பேரில் ஜேம்ஸ் ஹாமட் மட்டும் ஊர் திரும்பி அங்கேயே இருந்தார். அவர் 1891-ல் டார்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்தார். அவருடைய குழிக்கு 1934 வரை கல் இல்லை. உலகம் அறிந்த தியாகிக்கே இப்படியென்றால், மற்றவர்களின் குழிமேல் புல்தான்.

கவிஞர் ஜான் கிளேரின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்தாம்ப்டன்ஷையரின் ஹெல்ப்ஸ்டன் ஊரில் 1793-ல் பிறந்தவர். கதிரடிக்கும் கூலிக்காரரின் மகன். ஊருக்கு வந்துபோன ஸ்காட்லாந்து வாத்தியார் ஒருவர், பெயர் ஜான் டொனால்ட் பார்க்கர், பங்கு எழுத்தரின் மகள் ஆலிஸ் கிளேரைக் கர்ப்பமாக்கிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். பிறந்த பிள்ளைக்கு ஆலிஸ் பார்க்கர் கிளேர் என்று பெயர் வைத்தார். ஓடிப்போனவரின் குடும்பப் பெயர் முன்னால், தன் குடும்பப் பெயர் பின்னால். அந்தப் பார்க்கர் கிளேர்தான் கவிஞரின் அப்பா. இங்கிலாந்தின் கிராமங்களில் இது பரவலான வழக்கம். ஒரு பையனின் முதல் பெயரோ நடுப்பெயரோ யாருடைய குடும்பப் பெயராகவோ தோன்றினால், அனுபவசாலிகள் அந்த ஊரில் அந்தக் குடும்பம் இருந்ததா என்று உடனே பார்ப்பார்கள். சட்டம் தராத தகப்பனைத் தாய் பெயரிலேயே முடிந்துவைத்திருப்பாள். கிளேர் என்ற பெயர் ஆங்கிலக் கவிதைக்கு ஒரு பெண் வழியாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஆலிஸ்மேல் பெரிய மரியாதை வருகிறது. 

பெரிய குடும்பத்தைத் தேடிப் போவதில் ஒரு நோய் இருக்கிறது. தாமஸ் ஹார்டி அதை அறிந்து எழுதினார். 1891-ல் வந்த அவருடைய டெஸ் நாவலின் தொடக்கத்தில், பழங்குடும்பங்களை ஆராயும் ஒரு பாதிரியார், சாலையில் வரும் ஏழைக் கூடைக்காரரைப் பார்த்து நீங்கள் டெர்பெர்வில் பிரபுக்களின் வம்சம் என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு தகவல் ஒரு குடும்பத்தைக் குலைத்து, ஒரு பெண்ணைத் தூக்குமேடை வரை கொண்டுபோகிறது. டார்செட்டின் பியர் ரெஜிஸ் தேவாலயத்தில் இருக்கும் டர்பர்வில் குடும்பக் கல்லறைகளே அந்தப் பெயருக்கு மூலம். இவ்வளவு எழுதிய ஹார்டிக்கும் அந்த ஆசை விடவில்லை. தன் குடும்பம் ஜெர்சி தீவின் லெ ஹார்டி வம்சம் என்று நம்பினார். தன் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி, இரண்டாம் மனைவியின் பெயரில் வெளிவரச் செய்தார். அதில் லெ ஹார்டிகளுக்கு முன்வாசல் கிடைத்தது. அவருடைய தாய் ஜெமிமா சிறுவயதில் மெல்பரி ஆஸ்மண்ட் ஊரில் பங்கின் ஏழை உதவியில் வளர்ந்தவர். பின்னால் வீட்டு வேலைக்குப் போனவர். ஹார்டியின் நாவல்களில் வரும் பெண்களின் கைகளில் காய்ப்பேறியிருப்பதைப் பார்த்தால், அந்தக் கைகள் லெ ஹார்டிகளிடமிருந்து வந்தவை அல்ல, ஜெமிமாவிடமிருந்து வந்தவை என்று தெரிகிறது. குடும்ப வரலாறு தேடும் எவரும் தங்கள் ஜெமிமாவை விட்டுவிட்டு ஜெர்சித் தீவுக்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு மாயையும் உண்டு. எங்கள் வம்சம் நானூறு ஆண்டாக இதே மண்ணில் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை. சில குடும்பங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் நாட்டிங்ஹாம்ஷையரின் கிளேவொர்த் ஊரில் வில்லியம் சாம்ப்சன் என்ற பாதிரியார் 1676-ல் ஒருமுறை, 1688-ல் ஒருமுறை, ஊரிலுள்ள எல்லாரையும் வீடுவாரியாகப் பட்டியல் எழுதிவைத்தார். பீட்டர் லாஸ்லெட் முதலிய வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊரின் மொத்தத் தொகை ஏறக்குறைய மாறவில்லை. நானூறைச் சுற்றியே நிற்கிறது. ஆட்கள் மாறியிருந்தார்கள். முதல் பட்டியலில் இருந்தவர்களில் ஐந்தில் மூன்று பேர் பன்னிரண்டு ஆண்டில் அங்கே இல்லை. செத்தவர்கள் அவர்களில் பாதிகூட இல்லை, மற்றவர்கள் போய்விட்டார்கள்.

ஏன் போனார்கள் என்பதும் தெரியும். பன்னிரண்டு பதினைந்து வயதில் பிள்ளைகள் அடுத்த வீட்டுக்கோ அடுத்த ஊருக்கோ பண்ணையாட்களாகப் போவார்கள்; வீட்டோடு தங்கி வேலை. ஆண்டுக்கு ஒருமுறை ஆள்பிடிக்கும் சந்தை கூடும். மேய்ப்பன் தொப்பியில் ஒரு கொத்துக் கம்பளி செருகியிருப்பான். வண்டிக்காரன் சாட்டைக் கயிறு சுற்றியிருப்பான். பெண்கள் கையில் துடைப்பம். பேசி முடித்தால் முன்பணம் கைமாறும். அடுத்த ஆண்டுக்கு வேறு ஊர். இப்படிப் பத்தாண்டு சேமித்து, ஆணும் பெண்ணும் இருபத்தைந்தைத் தாண்டித்தான் மணம் முடித்தார்கள். நானூற்று நான்கு ஊர்களின் பதிவேடுகளைக் கணக்கிட்டு வரலாற்றாசிரியர்கள் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாறு பற்றி 1981-ல் வெளியிட்ட பெரும் ஆய்வுக்கு அடித்தளம் அந்த மூன்று வரிகளே. அவற்றில் மிகப் பலவற்றை ஊர் ஊராக உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர் ஆர்வலர்கள். கிராமத்து இங்கிலாந்து வேர்விட்டு அசையாமல் நின்ற ஒன்று என்று மேடையில் பேசுபவர்களுக்கு இந்தப் பதிவேடுகளே பதில். அந்த மண்ணின் மைந்தர்களில் பெரும்பாலோர் பக்கத்து மண்ணிலிருந்து நடந்து வந்தவர்கள். வந்தவர்களை விரட்டுவதற்கு ஒரு சட்டமே தேவைப்பட்டதென்றால் எவ்வளவு பேர் நடந்திருக்க வேண்டும்!

சிலர் வெகுதூரம் போனார்கள். ஊர்ப் பதிவேட்டில் ஞானஸ்நானம் இருக்கும். பிறகு கல்யாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. அவர்களில் சிலருடைய அடக்கம் நம் சென்னையில் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஷ்ரோப்ஷையரில் பிறந்த ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753-ல் நடந்தது அங்கேதான். கிளைவைத் தேட யாரும் சிரமப்பட வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு ஆள் சேர்த்தபோது கூலிவேலையை விட்டு வந்த இளைஞர்கள், வந்த சில மாதங்களில் காய்ச்சலில் போனவர்கள், அவர்களுடைய பெயரும் இங்கிருந்து லண்டனுக்கு அனுப்பிய பதிவு நகல்களில் இருக்கிறது. அந்த ஏடுகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜே.ஜே. காட்டன் 1905-ல் தொகுத்து அச்சிட்டார். கல் வைக்க வசதி இருந்தவர்கள் அதில் வருகிறார்கள். சிப்பாய்க்கு இங்கேயும் புல்தான்.

கடைசியாகப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டன்களைத் தேடிப் போகும் வழி ஓரளவு சமன்; பாட்டிகளைத் தேடிப் போகும் வழி ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சுவரில் முட்டும். பழைய ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் ஜானின் மகன் தாமஸ் என்பதோடு முடிந்துவிடும். பெற்றவள் பெயர் இல்லை. அடக்கப் பதிவில் இன்னாரின் மனைவி. கணக்கெடுப்பில், விடியலில் பால் கறந்து, பகலில் களையெடுத்து, இரவில் வைக்கோல் பின்னித் தொப்பிக்காரருக்கு விற்றவளின் தொழிலுக்கான கட்டம் பெரும்பாலும் காலி. ஆலிஸ் கிளேரைப் போல மணமாகாமல் தாயானவர்கள் மட்டுமே அந்த ஞானஸ்நானப் பதிவுகளில் தம் முழுப்பெயரோடு நிற்கிறார்கள்.

இந்த ஏடுகள் தம்மைத்தாமே காப்பாற்றிக்கொள்ளவில்லை. பெட்ஃபோர்ட்ஷையரில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஃபௌலர் 1913-ல் முதல் கவுண்டி ஆவணக்காப்பகத்தை அமைக்கும்வரை பங்குப் பெட்டிகளும் நிலத்தாள்களும் நெருப்புக்கோ எலிக்கோ போய்க்கொண்டிருந்தன. 1998 முதல் ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே பிறப்பு, மணம், இறப்பு அட்டவணைகளைப் படித்துத் தட்டச்சு செய்து யாரும் காசில்லாமல் தேடும்படி வைத்திருக்கிறார்கள். தாங்கள் அறியாத குடும்பங்களின் பெயர்களை, யாரோ ஒருவர் தேடி வருவார் என்ற நம்பிக்கையில், வரிவரியாக எழுதும் இந்த மனிதர்களைக் கஃபின் வாரிசுகள் என்று சொல்லத் தயக்கமில்லை. கணினியில் கிடைத்ததோடு நிற்காமல், அந்தக் கவுண்டிக் காப்பகத்துக்குப் போய்க் கண்காணிப்பாளர் கணக்கையும் விசாரணைத் தாளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள் என்று தேடுபவர்களிடம் சொல்வேன். அவற்றில் பெரும்பகுதி இன்னும் கணினிக்கு வரவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு கல்யாணங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1-ல். அந்தப் பதிவில் மணமகனின் தகப்பன் பெயருக்கும் தொழிலுக்கும் ஓர் இடம் இருந்தது, மணமகளின் தகப்பனுக்கும் ஓர் இடம் இருந்தது. தாய்மார்களின் பெயரை எழுத இடம் வந்தது 2021 மே 4-ல்.